பத்தாம் நம்பரில் ஜெயபால்

14

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் முழங்காலிட்டபோது ஜெயபால் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். முழங்கால்களைப் பத்தரை மணிப் போட்டிக்காகச் சேமித்து வைத்திருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி ஞானகுமாரி அதைப் பார்த்தாள். ஐந்து வாரத்தில் போட்டிக்காக அவன் செய்த ஒரே தயாரிப்பு அதுதான்.

அந்த ஐந்து வாரமும் அவள் தினம் மூன்று மணிக்குத் தொழிற்சாலை கிளப்புக்குப் போனாள். மூன்றிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு. ஜெயபால் இரண்டு முறை போனான். ஒரு முறை மெஷினைப் பார்க்க. இன்னொரு முறை மெஷின்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள.

குவார்ட்டர்ஸில் அதைப் போட்டு மெஷின் என்பார்கள். படகு வலிக்கிற மெஷின்தான், ஆனால் போட்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி. அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சின்ன இருக்கை. பாதத்தைக் கட்ட வார். சங்கிலியில் ஒரு கைப்பிடி. இழுத்தால் எதிரே கூண்டுக்குள் விசிறி சுற்றும். எத்தனை மீட்டர் போயிருக்கிறோம் என்று ஒரு பெட்டியில் எண் ஓடும். மனிதர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

வெளிநாடு போய்வந்த பெரிய அதிகாரி ஒருவர் இரண்டு மெஷின்களை கிளப்புக்கு வாங்கிப் போட்டிருந்தார். ஆறு மாதம் கேரம் போர்டு சாய்த்து வைக்கத்தான் அவை பயன்பட்டன. இந்த ஆண்டு கிளப் விழாவுக்கு அதே அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், செயலாளர் கலியமூர்த்தி தூசி தட்டித் தம்பதியர் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார். கணவன் ஆயிரம் மீட்டர். அதன் பிறகு மனைவி ஆயிரம் மீட்டர். இரண்டு நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்த ஜோடிக்குச் சுழற்கோப்பை. கூடவே ஐந்தடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.

குமாரி இறங்கியது கோப்பைக்கும் இல்லை, கேரியருக்கும் இல்லை. ஒரு கடிதத்துக்கு.

செப்டம்பர் நான்காம் தேதி வந்த கடிதம். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அக்டோபர் பதினாறு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும் என்று இருந்தது. ஜெயபால் நின்றபடியே இரண்டு முறை படித்தான். மடித்து பீரோவின் உள்பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவிக்கொத்தை இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான்.

"பாக்கலாம்," என்றான்.

அடுத்த ஞாயிறு, பத்தாம் தேதி, போட்டி நோட்டீஸைப் படித்துவிட்டு வந்து, தன் அக்கா முன்னாலேயே சொன்னான்: "அந்தக் கப்பை வாங்கிக் குடு. லெட்டரை வாங்கிக்கோ."

இன்று அக்டோபர் பதினைந்து.

* * *

கோயில் வாசலில் லூர்தம்மாள் நின்றிருந்தாள். ஜெயபாலின் அக்கா. மண்ணூர்பேட்டையிலிருந்து போட்டி பார்க்க வந்திருந்தாள். குமாரியை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள்.

"இன்னாடி இது கோலம்?"

"சுடிதார் அண்ணி. புடவை கட்டினா அந்த சீட்டுக்கு அடியில சக்கரத்துல மாட்டிக்கும்."

"ரெண்டு பொட்டப்புள்ள பெத்தவ சுடிதார் போட்டுகினு கோயிலுக்கு வர்றா. சாமியாரு நற்கருணை குடுத்தாரே, அதுவே பெரிசு."

"அவர் கையைத்தான் பார்த்தார் அண்ணி."

குமாரியின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து காய்த்திருந்தது. லூர்தம்மாள் ஒரு கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வேண்டாத காய்கறியைக் கூடையில் திரும்பப் போடுவது போல விட்டுவிட்டாள்.

"கல்லு ஒடைக்கறவ கை மாரி கீது."

ஜெயபால் முன்னால் நடந்துகொண்டிருந்தான். தோளை இரண்டு பக்கமும் சுழற்றிக்கொண்டே போனான். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

மகள்கள் இருவரையும் மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு மூவரும் கிளப்புக்குப் போனார்கள்.

"என்னங்க," என்றாள் குமாரி வழியில். "அந்த லிவரை நாலுல வெச்சுக்கோங்க. பத்துல வெச்சா இருநூறு மீட்டர்தான் தாங்கும். நான் ஒவ்வொரு நம்பரா வெச்சுப் பார்த்து எழுதியிருக்கேன்."

மெஷினின் விசிறிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு லிவர் இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை எண். அது கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத்தான் முடிவு செய்தது. காற்று கூடினால் இழுப்பு கனக்கும். கனத்தால் வேகம் கூடிவிடாது. குமாரி இருநூறு பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, ஒரு வாரம் முழுக்க அளந்து குறித்திருந்தாள். கால்தான் தள்ள வேண்டும், கை கடைசியில்தான் வர வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

"நீ படிச்சது கெமிஸ்ட்ரி," என்றான் ஜெயபால்.

"ஆமாங்க."

"இது மெஷினு. பதினேழு வருஷமா மெஷின்ல கீறவன் நான். சார்ஜ்மேன். எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"இல்லைங்க. நோட்டுல இருக்கறதைச் சொன்னேன்."

"நோட்டை மூடு."

அவள் நோட்டைக் கொண்டுவரவே இல்லை.

* * *

கிளப் ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையில் அதிகாரியும் அவர் மனைவியும். பக்கத்தில் கரும்பலகை. கலியமூர்த்தி சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டிருந்தார்: கணவன், மனைவி, மொத்தம்.

ஆறு ஜோடிகள். ஜெயபால் ஜோடி கடைசி. கடைசியாகத் தன்னைப் போடும்படி அவனே கேட்டு வாங்கியிருந்தான். இலக்கு தெரிந்து அடிக்கிறவன்தான் ஆட்டக்காரன் என்று கலியமூர்த்தியிடம் சொன்னானாம்.

ஐந்து ஜோடி முடிந்தபோது முன்னால் நின்றது கோவிந்தராஜ் ஜோடி. கோவிந்தராஜ் பெயின்ட் ஷாப்பில் வேலை. அடுத்த பிளாக். ஜெயபாலோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் நான்கு நிமிடம் ஒன்பது விநாடியில் முடித்தான். அவன் மனைவி லோகநாயகி பாதி வழியில் சிரிக்க ஆரம்பித்து, சிரித்தபடியே ஐந்து முப்பத்து மூன்றில் முடித்தாள். மொத்தம் ஒன்பது நாற்பத்திரண்டு.

"ஒன்பது நாப்பத்தி ரெண்டெல்லாம் ஒரு டைமா?" என்றான் ஜெயபால். எல்லாருக்கும் கேட்கும்படி. "நானே நாலுக்குள்ள முடிச்சிடுவேன். இவ பாதியில எறங்கி ஊட்டுக்கு நடந்து போனாக்கூட ஜெயிச்சிடுவோம்."

கோவிந்தராஜ் பல்லைக் காட்டினான். "போ மாமே. மெஷினு பாவம்."

ஜெயபால் சட்டையைக் கழற்றினான். உள்ளே புது பனியன். இருக்கையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தான். பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்து தொப்பையில் குத்தியது. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். அப்போதும் குத்தியது.

பதினோரு வருடத்தில் குமாரி அந்தச் சாவிக்கொத்து அவனை விட்டுப் பிரிந்து பார்த்ததில்லை. தூங்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும். இப்போது அவன் அதைக் கழற்றினான். குமாரி கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி அக்காவிடம் நீட்டினான்.

"வெச்சிரு. யாருக்கும் குடுக்காத."

லூர்தம்மாள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஜெயபால் சிலுவை போட்டுக்கொண்டான். எட்டி லிவரைப் பத்துக்குத் தள்ளினான். அது "டக்" என்று முட்டி நின்றது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"பத்தாம் நம்பர்," என்றான்.

கைதட்டினார்கள். அதிகாரியின் மனைவிகூடத் தட்டினாள்.

கலியமூர்த்தி விசில் ஊதினார்.

முதல் நூறு மீட்டர் உண்மையிலேயே பார்க்க நன்றாக இருந்தது. விசிறி ஊளையிட்டது. முன்வரிசையில் ஒரு பெண்மணியின் முந்தானை பறந்தது. பதினெட்டு விநாடி. "அண்ணாத்தே, ஆந்திரா வந்திடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

இருநூறில் வாய் திறந்தது. குமாரியின் நோட்டில் இருந்தபடியே.

முந்நூறில் அவன் காலைப் பயன்படுத்துவதை நிறுத்தினான். கையால் மட்டும் இழுத்தான். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பவனைப் போல உடம்பைப் பின்னால் எறிந்து எறிந்து இழுத்தான். நானூற்றைம்பதில் விசிறியின் சத்தம் மேசை விசிறி அளவுக்கு இறங்கிவிட்டது. அறுநூற்று இருபதில் கைப்பிடியை விட்டுவிட்டுப் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டான். அதற்கு ஏழு விநாடி ஆயிற்று. அந்த ஏழு விநாடியும் பேன்ட்டுக்காக இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"மாமே, கரை தெரியுதா?" என்றான் கோவிந்தராஜ்.

கடைசி நூறு மீட்டரை அவன் எப்படி முடித்தான் என்று சொல்வது அவனுக்கும் நல்லதில்லை, படிப்பவர்களுக்கும் நல்லதில்லை.

கலியமூர்த்தி பலகையில் எழுதினார். 5:02.

ஆறு கணவர்களில் அதுதான் கடைசி.

ஜெயபால் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பேச முடிந்ததும் முதலில் சொன்னது இது: "விசிறியில காத்து லீக் ஆவுது."

"காத்து லீக்கா?" என்றார் கலியமூர்த்தி.

"பேரிங் போயிருக்கு சார். என் காதுக்குத் தெரியும். பதினேழு வருஷ சர்வீஸு."

"இதே மெஷின்லதான் கோவிந்தராஜும் போனாரு."

"அப்ப போவல. இப்பதான் போச்சு."

அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். இருமலாகவும் இருக்கலாம்.

* * *

குமாரி இருக்கையில் உட்கார்ந்தாள். வாரைக் கட்டினாள். லிவரைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்கினாள்.

கலியமூர்த்தி கரும்பலகையின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். "அம்மா, நாலு நாப்பதுக்குள்ள முடிக்கணும். நாலு நாப்பதுன்னா டை. முப்பத்தொம்போதுன்னா கப்பு உங்களுக்கு."

பயிற்சியில் அவள் தொட்ட மிகக் குறைந்த நேரம் நான்கு நாற்பத்து மூன்று.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அட, அப்போ பொண்டாட்டி புருஷனை இருபத்திமூணு செகண்டு முந்தினாத்தான் புருஷனுக்குக் கப்பு!"

ஹால் முழுக்கச் சிரித்தது. லோகநாயகி சத்தமாகச் சிரித்தாள். லூர்தம்மாளும் வாயைக் கோணி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

ஜெயபால் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி பலகையைப் பார்த்தான். கணவன் என்ற கட்டத்தில் 5:02. பக்கத்தில் மனைவி என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எண் வந்தால் கோப்பை கிடைக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

விசில்.

குமாரி ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. கால், முதுகு, கை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால். விசிறி ஒரே சத்தத்தில் ஓடியது. முதல் நூறு மீட்டருக்கு இருபத்தெட்டு விநாடி. கூட்டத்தில் பாதிப்பேர் ஜெயபாலின் பதினெட்டை நினைத்து உதட்டைப் பிதுக்கினார்கள். இருநூறு, ஐம்பத்தாறு. முந்நூறு, ஒன்று இருபத்து நான்கு. பிதுக்கிய உதடுகள் ஒவ்வொன்றாக மூடின.

ஐந்நூறு. இரண்டு பத்தொன்பது.

"சரியாப் பாதி," என்றார் கலியமூர்த்தி. அவர் குரல் மாறியிருந்தது. "இதே மாதிரி போனா நாலு முப்பத்தெட்டு!"

ஜெயபால் எழுந்து வந்து மெஷினுக்குப் பக்கத்தில் குந்தினான். ஊக்கம் கொடுக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"குமாரி," என்றான், உதடு அசையாமல். "போதும்."

அவள் இழுத்தாள்.

"கால் புடிச்சிகிச்சுன்னு சொல்லி எறங்கிடு."

அவள் இழுத்தாள்.

"லெட்டர்தானே வேணும்? ஊட்டுக்குப் போனதும் குடுத்துடறேன். கப்பு வாணாம். மாதா மேல சத்தியம்."

பெட்டியில் ஓடிய எண்ணைக் குமாரி பார்த்தாள். வேகம் ஒரு கணம் தளர்ந்தது. இந்த வேகத்தில் ஐந்நூறு மீட்டருக்கு இரண்டு பத்தொன்பது ஆகும் என்று காட்டிக்கொண்டிருந்த பெட்டி இரண்டு இருபத்தைந்து காட்டியது.

ஐந்து வாரத்துக்கு முன் கோப்பை வாங்கினால் கடிதம் என்றான். இப்போது கோப்பை வாங்காவிட்டால் கடிதம் என்கிறான். நடுவில் அவனுக்கு ஆனதெல்லாம் ஐந்து நிமிடம் இரண்டு விநாடி. இரண்டு வாக்குக்கும் ஒரே வாய்தான் ஜாமீன்.

தோற்றால் அவளிடம் அந்த வாக்கு மட்டும் இருக்கும். ஜெயித்தால் கரும்பலகையில் எண்ணும் இருக்கும். கரும்பலகையை அவனால் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

"தள்ளி உக்காருங்க," என்றாள் குமாரி. "கைப்பிடி மூஞ்சியில படும்."

இழுத்தாள்.

எழுநூறு. வாயில் இரும்பின் சுவை. எண்ணூறு. தொடை தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. காய்த்த கொப்புளம் ஒன்று கைப்பிடிக்குள் மறுபடி உடைந்தது. தொள்ளாயிரம். லோகநாயகி எழுந்து நின்று, தன் கோப்பை போவதையும் மறந்து, "வாடி குமாரி, வாடி! வுடாத!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜ் அவள் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

ஆயிரம்.

கலியமூர்த்தி பெட்டிக்கு மேல் குனிந்தார். நிமிர்ந்து பலகைக்கு நடந்தார். சாக்பீஸ் கீச்சென்றது.

4:38.

மொத்தம்: 9:40.

கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், 5:02, 4:38 என்று. மாலை விழா முடிகிற வரை யாரும் அழிக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

பரிசு கொடுக்கும்போது அவர் மைக்கில் ஒரு நகைச்சுவையும் சொன்னார். "மிஸ்டர் ஜெயபால், உங்க வீட்டம்மாவை உங்க செக்‌ஷன்ல போட்டிருந்தா இந்த மாச டார்கெட் எப்பவோ முடிஞ்சிருக்கும்!"

ஜெயபால் கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். இந்தப் போட்டோ அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. போட்டோ எடுத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே போனான். சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளை எடுப்பது தெரிந்தது. ஸ்டேஷன் பக்கம் திருப்பினான்.

சாவிக்கொத்தைக் கேட்கவில்லை.

* * *

ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. குமாரி பெஞ்சில் உட்கார்ந்து கையில் கைக்குட்டையைச் சுற்றினாள். லூர்தம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குமாரியைப் பார்க்கவில்லை. கேரியரைப் பார்த்தாள்.

"அஞ்சு அடுக்கா?"

"ஆமா அண்ணி."

"கனமாத்தான் கீது." ஒரு அடுக்கை விரலால் சுண்டினாள். "உங்கூட்ல நாலு பேருதானே."

"ஆமா."

லூர்தம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் குடுக்காதன்னு சொன்னான்."

"சொன்னாரு."

"சின்னதுல இஸ்கோல்ல ஓட்டப் பந்தயம் வெச்சாங்க. கடைசியா வந்தான். செருப்பு வழுக்கிடுச்சுன்னு மூணு நாளு அழுதான். எங்க நைனா புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தாரு." சாவியை விரலில் சுற்றினாள். "செருப்பே போடாமத்தான் ஓடினான். நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன்."

குமாரி கைக்குட்டையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னிக்கு காத்து லீக்காம்." லூர்தம்மாள் மூக்கால் ஒரு சத்தம் செய்தாள். "கேரியரைக் குடு. சாவியை எடுத்துக்கோ."

"நாலு அடுக்கு எடுத்துக்கோங்க அண்ணி. ஒண்ணு எனக்கு வேணும்."

"ஒரே ஒரு அடுக்கை வெச்சுகினு இன்னா பண்ணுவே?"

"மத்தியானச் சாப்பாடு எடுத்துட்டுப் போவேன்."

லூர்தம்மாள் யோசித்தாள். கொக்கியைக் கழற்றினாள். அடியில் இருந்த அடுக்கை எடுத்துக் குமாரியின் மடியில் வைத்தாள். அதற்குள் சாவிக்கொத்தைப் போட்டாள். எவர்சில்வரில் சாவி விழுந்த சத்தம் காலி ஹாலில் கணீரென்று கேட்டது.

"உனுக்காகக் குடுக்கறேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கலை அண்ணி."

"ஆங். அது."

நாலடுக்குக் கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மண்ணூர்பேட்டை பஸ்ஸுக்கு நடந்தாள்.

* * *

மகள்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பிளாக்குக்கு விளையாடப் போனார்கள். குமாரி பீரோவைத் திறந்தாள்.

உள்பெட்டியில் நகை கொஞ்சம்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஃபைல்கள். ஜெயபால் எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைத்து எழுதுவான். நகலின் மூலையில் சிவப்பு மையில் "ஆபீஸ் காப்பி" என்று போடுவான். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று எழுதிய கடிதம், பெரியவளின் பள்ளிக்கூட லீவு லெட்டர், ரேஷன் கடைக்காரன் மேல் புகார், எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. தொழிற்சாலையில் கற்ற பழக்கம். அது ஒன்றுதான் வீடு வரைக்கும் வந்திருந்தது.

ஒரு ஃபைலின் மேல் "குமாரி - வேலை" என்று எழுதியிருந்தது.

முதலில் கம்பெனிக் கடிதம். மடிப்புக் கலையாமல், அவன் அன்று மடித்தபடியே.

அதற்கு அடியில் ஒரு கார்பன் நகல். ஆங்கிலத்தில் எட்டு வரி. ஜெயபாலின் எழுத்து. குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தங்கள் கம்பெனியில் வேலையை ஏற்க இயலாததற்கு வருந்துகிறேன், இந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. குமாரியின் பெயர். அதுவும் அவன் எழுத்து. பதிவுத் தபால் ரசீதைக் குண்டூசியால் குத்தியிருந்தான். மூலையில் சிவப்பு மை: ஆபீஸ் காப்பி.

தேதி: 5-9-95.

கடிதம் வந்த மறுநாள். கோப்பை வாங்கினால் கடிதம் என்று அவன் வாக்குக் கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு.

குமாரி கட்டிலில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து நாள், தினம் ஒரு மணி நேரம், அவன் ஏற்கெனவே வேண்டாமென்று எழுதிவிட்ட ஒரு வேலைக்காக அவள் இழுத்திருக்கிறாள். இன்று காலை மாதா மேல் சத்தியம் செய்தபோதும் இந்த ரசீது இதே குண்டூசியில்தான் இருந்தது.

கையெழுத்தை மறுபடி பார்த்தாள். ஜெ. ஞானகுமாரி, பி.எஸ்ஸி. பதினோரு வருடத்தில் அந்தப் பட்டத்தை அவள் பெயரோடு சேர்த்து அவன் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. வேலை வேண்டாம் என்று எழுதும்போதுதான் அது அவனுக்கு நினைவு வந்திருக்கிறது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது அருவருப்புதான். சமையலறைச் சுவரில் எப்போதும் இருக்கும் பல்லியைத் தட்டில் பார்த்தது போல.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் இடத்தில் இந்நேரம் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். உட்காராமலும் இருக்கலாம். ஒன்பது மணிக்குப் போனால் தெரியும். போய் நின்று, நான் எழுதவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

கையில் இருந்த தாளைப் பார்த்தாள். திருடினாலும் நகல் வைக்கிறவன். விண்ணப்பத்தில் அவள் கையெழுத்து கம்பெனியிடம் இருக்கும். இதில் இருப்பது யாருடைய எழுத்து என்பதைக் காட்ட இந்தப் பெட்டியில் உள்ள கேஸ் புகார் ஒன்று போதும்.

கம்பெனிக் கடிதம், கார்பன் நகல், ரசீது, கேஸ் புகாரின் நகல். நான்கையும் கைப்பையில் வைத்தாள். பீரோவைப் பூட்டினாள். ஒற்றை அடுக்கைக் கழுவித் துடைத்து, மூடுவதற்கு அளவாக ஒரு தட்டைத் தேடி எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஜெயபால் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். கை இடுப்புப் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"குமாரி, அக்கா எங்க? எஞ் சாவி அவகிட்ட கீது."

"அண்ணி போயிட்டாங்க."

"சாவி?"

குமாரி சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினாள். கொடுக்கவில்லை.

"இதுவும் பத்தாம் நம்பர்லதான் போச்சு," என்றாள். "நாளைக்குக் காலையில பொண்ணுங்களை நீங்கதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். நான் ஏழே முக்காலுக்கு பஸ் ஏறறேன்."

"எங்கே?"

"நீங்க பதில் போட்ட எடத்துக்கு."

அவன் பீரோவைப் பார்த்தான். பிறகு அவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையைப் பார்த்தான். வாய் திறந்தது. காலையில் இருநூறாவது மீட்டரில் திறந்த அதே மாதிரி.